ஆர்.சி.யில் பெயர் உள்ள ஆள் எங்கே?

சேஸ் நம்பரைப் பென்சிலில் எடுப்பதுதான் இந்தத் தொழிலில் நான் படித்த முதல் பாடம். வருஷம் 1988. ஏரல் பஜாரில் பழைய வண்டி வாங்கி விற்கிற அண்ணாச்சி ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். வாழைத்தார் ஏற்றுகிற மெட்டடார் வேன் ஒன்று வந்து நின்றது. மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கையில் கொடுத்து வண்டிக்கு அடியில் போகச் சொன்னார். கிரீஸும் மண்ணும் ஏறிக் கிடந்த இரும்புச் சட்டத்தைத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, பென்சில் கூரைச் சாய்த்துத் தேய்த்தேன். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன. பெயர் மாற்றும் ஃபாரத்தில் ஒட்ட வேண்டிய ‘பென்சில் பிரிண்ட்’ அதுதான்.

“நம்பர் வந்தா மட்டும் போதாதுல. விரலை வச்சுத் தடவிப் பாரு. அரம் போட்டிருந்தா அந்த இடம் மட்டும் வழுவழுன்னு இருக்கும். எழுத்து ஏறி இறங்கி நிக்கும்” என்றார் அண்ணாச்சி.

அன்று வந்த வண்டி ஒழுங்கான வண்டிதான். ஆர்.சி. புக்கில் திருநெல்வேலி முத்திரை இருந்தது. இப்போது தூத்துக்குடி என்கிற சிதம்பரனார் மாவட்டம் 1986 அக்டோபரில் நெல்லையிலிருந்து பிரிந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம் அது. எங்கள் பக்கத்துப் பழைய புத்தகங்களில் நெல்லை முத்திரைதான் இருக்கும். ஆனாலும் அண்ணாச்சி உடனே பணத்தை எடுக்கவில்லை. புத்தகத்தை விரித்துப் பெயரைப் படித்தார். “இந்த ஆள் எங்க இருக்காரு?” என்று கேட்டார். வண்டியைக் கொண்டுவந்தவர், “அவரு எதுக்கு அண்ணாச்சி? கையெழுத்தெல்லாம் வாங்கி வச்சிருக்கேன்லா” என்றார். “அவரைக் கூட்டிட்டு வாரும், பேசிக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக வண்டிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்ட அந்தக் கேள்வியைவிட முக்கியமான கேள்வி எதையும் நான் இதுவரை கற்றுக்கொள்ளவில்லை.

1989 ஜூலை முதல் தேதி புது மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தது. விற்றவர் 14 நாளுக்குள் ஃபார்ம் 29 கொடுத்து ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் ஃபார்ம் 30 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். சட்டம் சொன்னது இவ்வளவுதான். ஊரில் நடந்தது வேறு. விற்பவரிடம் தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதாமல், வெறும் ஃபாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதற்கு ‘டி.ஓ. செட்’ என்று பெயர். அந்த செட்டும் ஆர்.சி. புக்கும் ஒரு பாலிதீன் பையில் சேர்ந்து கைமாறும். வண்டி நாலு பேரிடம் போய்விடும், பெயர் முதல் ஆளிடமே நிற்கும். ஒவ்வொரு முறையும் பெயர் மாற்றினால் செலவு, அலைச்சல், ‘ஓனர் கூடிட்டா விலை குறையும்’ என்ற கணக்கு. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் செய்தோம். நானும் செய்தேன்.

அந்தப் பழக்கம் என்ன செய்யும் என்பதை ஒரு வாத்தியார் வழியாகத் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய எம்80 வண்டியை நான்தான் விற்றுக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடைத் திண்ணையில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். “எல்லாம் முடிஞ்சுதுல்லா தம்பி?” என்று கேட்டார். “முடிஞ்சுது சார்” என்றேன். மூன்று வருஷம் கழித்து அவர் வீட்டுக்கு விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. முக்காணிப் பக்கம் அந்த வண்டி மோதி ஒருவருக்குக் கால் போயிருந்தது. வண்டி மூன்றாவது ஆளிடம் இருந்தது. இன்ஷூரன்ஸ் முடிந்திருந்தது. ஆர்.சி.யில் வாத்தியார் பெயர். ஓட்டியவர் ஊரில் இல்லை. வாத்தியார் ஓய்வூதியப் பணத்திலிருந்து கட்டினார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சந்தையில் எதிரே வந்தால் இப்போதும் “நல்லா இருக்கியா?” என்று கேட்டுவிட்டுப் போவார். அந்தக் கேள்வியை என்னால் நிமிர்ந்து வாங்கிக்கொள்ள முடிவதில்லை.

பல வருஷம் கழித்து, 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இதே விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது. 2007-லேயே விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் 2009-ல் ஒரு பையன்மேல் ஏறிவிட்டது. வண்டி தன்னிடம் இல்லை என்று முதல் சொந்தக்காரர் சொன்னதைக் கோர்ட் ஏற்கவில்லை. பதிவேட்டில் யார் பெயரோ அவரே ஓனர், அவரே பொறுப்பு என்றது. அடிபட்டவன் வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலைய முடியாது என்பது அதன் நியாயம். செய்தித்தாளில் அதைப் படித்தபோது வாத்தியார் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வாத்தியார் விஷயத்துக்குப் பிறகு நான் டி.ஓ. செட் வைத்து வியாபாரம் செய்வதை நிறுத்தினேன். வருமானம் பாதியாகக் குறைந்தது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று காகிதம் பார்த்துக் கொடுக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு கூலி.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். ஏரல் சந்தைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் வாழைக்காய்க்கும் அது பொருத்தமான வண்டி. மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, காகிதமே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. கையில் கொஞ்சம் முன்பணம், மீதி ஃபைனான்ஸ். வாழை காற்றில் விழுந்த வருஷம் டியூ நிற்கும். மூன்று டியூ நின்றால் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த ‘சீஸிங் வண்டி’ யார்டில் நின்று, ஆட்டோ கன்சல்டிங் கடைக்கு வந்து, பாலிஷ் போட்டு, மாலை போட்டு, அடுத்த ஊர் விவசாயியிடம் போகும்.

இந்த இடத்தில்தான் ஹெச்.பி. விஷயம் வருகிறது. ஃபைனான்ஸில் எடுத்த வண்டியின் ஆர்.சி.யில் அந்தக் கம்பெனி பெயர் ஏறியிருக்கும். கடன் முடிந்தால் கம்பெனி ஃபார்ம் 35-ல் கையெழுத்தும் சீலும் போட்டு, ‘டியூ இல்லை’ என்று கடிதமும் கொடுக்கும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ஹெச்.பி.யை கேன்சல் செய்ய வேண்டும். குரும்பூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் வாங்கப்போன குட்டி யானைக்கு ஃபார்ம் 35 பளிச்சென்று இருந்தது. சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது. எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: கடிதத்தில் லோன் நம்பர் இல்லை. கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரித்தோம். இன்னும் பதினொரு தவணை பாக்கி. அந்த சீல் அவர்களுடையதே இல்லை. இளைஞர் பைக்குள் பணத்தை வைத்துக்கொண்டு என் பின்னால் நின்றிருந்தார். அவர் அம்மாவின் நகை அடகு வைத்த பணம் அது.

அன்றிலிருந்து கடைக்காரர் கையால் தருகிற ஃபார்ம் 35-ஐ நான் நம்புவதில்லை. கடன் பாக்கி இருந்தால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. பாக்கி இருக்கிற வண்டியையும் வாங்கலாம். ஆனால் பணத்தைக் கடைக்காரரிடம் கொடுக்காமல், விற்பவரையும் கூட்டிக்கொண்டு ஃபைனான்ஸ் கம்பெனிக் கிளைக்குப் போய், லோன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்க வேண்டும். மீதியை விற்பவருக்குக் கொடுத்தால் போதும். கம்பெனி தானே பிடித்து விற்கிற வண்டியாக இருந்தால் முதலில் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஃபார்ம் 36 இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

மணல் டிராக்டர் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தாமிரபரணிக் கரைக்கே உரியது. ஆற்று மணலைத் திருட்டுத்தனமாக அள்ளிப் பிடிபடுகிற டிராக்டர், டிப்பர் எல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயில் காய்ந்து நிற்பதை இந்தப் பக்கம் யாரும் பார்த்திருக்கலாம். வழக்கு முடியும்வரை இடைக்காலமாக வண்டியை வாங்கிக்கொள்ளக் கோர்ட் அனுமதிக்கும். விற்கக் கூடாது, உருவம் மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருவர் அப்படி ஒரு டிராக்டரைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டு என்னிடம் பெயர் மாற்ற வந்தார். ஆர்.சி. சுத்தம். ஹெச்.பி. இல்லை. டிரெய்லரின் மூலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு எண்ணும் வருஷமும் எழுதி, அதன்மேல் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. அது குற்ற எண். ஸ்டேஷனில் பிடித்த வண்டிக்கு எழுதுவது. பாதி விலை ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. விற்றவரை அவர் தேடிப் பிடித்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி, பாதிப் பணம் திரும்பக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் ஒரு வண்டியின் உண்மையான வரலாறு வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுப் போட்டு ‘பி எக்ஸ்ட்ராக்ட்’ எடுக்க வேண்டும். பெயர், முகவரி, வரி, ஹெச்.பி. எல்லாம் அதில் இருக்கும். அதற்காக நான் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிய நாட்களுக்குக் கணக்கில்லை. இப்போது செல்போனில் எம்பரிவாகன் செயலியைத் திறந்து நம்பரைத் தட்டினால் எஃப்.சி., இன்ஷூரன்ஸ் தேதிகள் வந்துவிடுகின்றன. ஓனர் பெயர் மட்டும் முழுசாக வராது. நடுநடுவே எழுத்துகளை மறைத்திருக்கும். தெரிகிற எழுத்துகளை வைத்து ஆர்.சி. பெயரோடு ஒப்பிடலாம். இணையம் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம் ஓ.டி.பி.தான். பெயர் மாற்றத்துக்கு இப்போது ஓனர் போனுக்கு எண் போகிறது. பழைய டி.ஓ. செட்டின் முதுகு அதில்தான் உடைந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் பதிவாகியிருக்கிற போன் நம்பர் ஓனருடையதாக இருப்பதில்லை. ஷோரூம் பையனுடையதோ புரோக்கருடையதோ இருக்கும்.

2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. பழைய வண்டி விற்கிற கடைக்காரர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஐந்து வருஷம் செல்லும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் ஃபார்ம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து வண்டிக்குக் கடைக்காரரே ஓனர் மாதிரிப் பொறுப்பு. சோதனை ஓட்டம், சர்வீஸ், பெயிண்ட் போன்ற காரியத்துக்குத் தவிர அவர் அதை ரோட்டில் ஓட்டக் கூடாது. வாத்தியார் கையெழுத்துப் போட்ட காலத்தில் இந்த விதி இருந்திருந்தால் அவர் பணம் போயிருக்காது. ஆனால் நான் போய்வருகிற கடைகள் பலவற்றில் அந்தச் சான்றிதழ் இன்னும் சுவரில் ஏறவில்லை. கேட்டால், “உங்க அப்பா காலத்துல இருந்து வியாபாரம் பாக்கோம்” என்கிறார்கள்.

அந்த வருஷக் கடைசியில்தான் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஏரலில் பஜாருக்குள் ஆறு வந்துவிட்டது. பாலத்தில் போக்குவரத்து அறுந்தது. என் கடையில் மரப்பெட்டி நிறைய இருந்த நகல்கள், ரசீதுகள், முப்பது வருஷ டைரிகள் கூழாகிவிட்டன. என்னுடையதாவது நகல். வீடுவீடாக அசல் ஆர்.சி.களே போய்விட்டன. அடுத்த மூன்று மாதம் ஃபார்ம் 26 எழுதி டூப்ளிகேட் ஆர்.சி.க்கு விண்ணப்பித்ததுதான் என் வேலை. அதற்குள்ளாகவே வெளியூர்க் கடைக்காரர்கள் வந்து மூழ்கிய கார், வேன்களை வந்த விலைக்கு அள்ளிப் போனார்கள். அந்த வண்டிகள் இன்றைக்கு எந்தெந்த ஊரில் பளபளவென்று நிற்கின்றனவோ. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கிற பாகத்தில் வண்டல் கோடு இருக்கும். பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துத் துவைக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

கேரவன் விவகாரம் அதற்கு அடுத்த வருஷம் வந்தது. மும்பையில் நாற்பது வருஷம் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பிய அண்ணாச்சி ஒருவர். மகள் லண்டனில். அவர்கள் குடும்பம் லீவுக்கு வருகிறது. எல்லாரும் ஒரே வண்டியில் ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கேரளா என்று போய்வர வேண்டும், வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை இருக்க வேண்டும் என்று ஆசை. சென்னையில் ஒரு கன்சல்டிங் கடையில் சினிமா ஷூட்டிங்குக்கு ஓடிய பழைய கேரவன் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போட்டோவைப் பார்த்தே இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். பிறகுதான் என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, வண்டி கண்ணாடி மாதிரி இருக்கு. நம்ம ஏரல் சேர்மன் கோயில்ல பூஜை போட நாள்கூடப் பாத்தாச்சு. நீ ஒரு எட்டு வந்து காகிதத்தைப் பாத்துரு.”

வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்ற அதே செந்தூர் எக்ஸ்பிரஸில் இருவரும் ஏறினோம். அங்கே போய் நான் முதலில் வண்டிக்கு அடியில் போனேன். சேஸ் நம்பர் சரி. இன்ஜின் நம்பர் சரி. மேலே ஏறி ஆர்.சி.யை விரித்தேன். இருக்கை 13 என்று இருந்தது. உள்ளே இருந்தது இரண்டு கட்டில், ஒரு ஒப்பனை மேசை, ஒரு கழிப்பறை, பின்னால் ஜெனரேட்டர். டிராவலர் வேனாகப் பதிவான வண்டியைக் கழற்றிக் கேரவனாக்கியிருக்கிறார்கள், ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைத்தான் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நாளைக்கு ஜெனரேட்டரிலோ அடுப்பிலோ தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். அது போக, வாடகை வண்டியாகப் பதிவானதால் எஃப்.சி., பெர்மிட், காலாண்டு வரி எல்லாம் உண்டு. வீட்டுக்காரியத்துக்கு வாங்குகிறவருக்கு அதெல்லாம் எதற்கு?

ஆர்.சி.யில் பெயர் ஒரு வாடகைக் கம்பெனி. “ஓனரைப் பாக்கணும்” என்றேன். கடைக்காரர் சிரித்த முகத்தோடு, “சீல் போட்ட செட் இருக்கு சார், அவர் பிஸி” என்றார். அங்கீகாரச் சான்றிதழ், 29சி இரண்டையும் கேட்டேன். டீ வந்தது, அவை வரவில்லை. ஆர்.சி.யில் இருந்த முகவரியைப் பிடித்து சாலிகிராமத்துக்கு ஆட்டோவில் போனோம். கம்பெனியின் கூட்டாளி ஒருவர் வீட்டில் இருந்தார். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. விற்றுத் தருவதற்கென்று வண்டியை விட்டு எட்டு மாதம் ஆகிறதாம்; ஒரு ரூபாய் கைக்கு வரவில்லை. பேசியதாக அவர் சொன்ன விலை, கடைக்காரர் எங்களிடம் சொன்ன விலையைவிட மூன்று லட்சம் குறைவு. கடனும் பாக்கி இருந்தது. அவரும் நல்ல மனிதர்தான். தொழில் படுத்ததால் விற்கிறார்.

கடனைக் கிளையில் கட்டித் தீர்த்து முறையாக வாங்க வழி இருந்தது. மாற்றிக் கட்டிய உடம்புக்குத்தான் வழி இல்லை. ராத்திரி லாட்ஜில் அண்ணாச்சி லண்டன் மகளுக்கு வீடியோ போட்டுப் பேசினார். அங்கே மோட்டார் ஹோம் சாதாரணமாம். “அப்பா, இங்க வி5சி-ன்னு ஒரு லாக் புக் தருவாங்க. இது வண்டி உன்னோடதுங்கிறதுக்கு ஆதாரம் இல்லைன்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். அதனால பழைய வண்டி வாங்குறவங்க கடன் இருக்கான்னு தனியா காசு கட்டிப் பாப்பாங்க. நீங்க போட்டோ பாத்தா பணம் அனுப்புனீங்க?” என்றாள். அண்ணாச்சி போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டியை வேண்டாம் என்று விட்டோம். அட்வான்ஸ் பணம் திரும்பி வரவில்லை. குடும்பம் வந்தபோது ஒழுங்கான பெர்மிட் வைத்திருக்கிற ஒரு வாடகை டிராவலரில் போய்வந்தார்கள். ராத்திரிக்கு லாட்ஜில் தங்கினார்கள். அண்ணாச்சிக்கு இப்போதும் அந்தக் கேரவன்மேல் ஆசைதான். கம்பெனியே கேரவனாகக் கட்டிப் பதிவு செய்த வண்டி விலைக்கு வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறார். நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் எப்படியாவது யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து விசாரிக்கிறார்கள். விற்றவர்கள்தான் பணத்தை எண்ணி வாங்கியதோடு மறந்துவிடுகிறார்கள். ஏரலோ, ஆத்தூரோ, ஸ்ரீவைகுண்டமோ, நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், எப்போதோ விற்ற ஸ்கூட்டர், பைக், கார் நம்பர் நினைவில் இருந்தால் இன்று ராத்திரி எம்பரிவாகனில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மறைக்காமல் விட்ட எழுத்துகள் உங்கள் பெயரைச் சொன்னால், கையில் இருக்கிற டெலிவரி ரசீது நகலோடு ஃபார்ம் 29-ஐ நிரப்பி, பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்கியவர் பெயர் நினைவில்லை என்றாலும் போய்ச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் அலைச்சலைப் பார்க்காதீர்கள்.